வேர்லிங் ஷாஃப்ட் சோதனை: தண்டு மெலிய மெலியப் பிழை ஏன் கூடுகிறது?

மெக்_ஐந்தாம்செம் கேட்டது:

வணக்கம். டைனமிக்ஸ் லேபில் வேர்லிங் ஷாஃப்ட் சோதனை செய்திருக்கிறோம். 4, 6, 8 மி.மீ. விட்டத்தில் மூன்று எஃகுத் தண்டுகள். மூன்றுக்கும் நீளம் 900 மி.மீ. (சக்கின் வாயிலிருந்து மறுமுனை பேரிங்கின் நடுப்பகுதி வரை). மோட்டார் பக்கம் தண்டைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடை சக், மறுமுனையில் தண்டு சாய்ந்தாலும் இடம் கொடுக்கும் செல்ஃப் அலைனிங் பால் பேரிங். மோட்டார் வேகத்தைக் கூட்டும் டிம்மரை மெதுவாக ஏற்றி, தண்டு வில்லாக வளைந்து சுற்றும் (வேர்லிங்) வேகத்தை, அதாவது கிரிட்டிகல் ஸ்பீடைக் குறித்துக்கொண்டோம்.

மேனுவலில் இரு முனையும் சிம்ப்ளி சப்போர்ட்டட் (தாங்கல் மட்டும், முனை தாராளமாகச் சாயலாம்) என்று வைத்துத்தான் சூத்திரம் கொடுத்திருக்கிறது. யங் மாடுலஸ் 206 ஜிகா பாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ என்று எடுத்துக்கொண்டோம். வந்தது இது, எல்லாம் ஆர்.பி.எம்.:

4 மி.மீ.: கணக்கில் 596, அளந்தது 905
6 மி.மீ.: கணக்கில் 894, அளந்தது 1,240
8 மி.மீ.: கணக்கில் 1,192, அளந்தது 1,470

பிழை முறையே 52, 39, 23 சதவீதம். சரி, சக் பக்கம் ஃபிக்ஸட் (முனை சாயவே முடியாது) என்று மாற்றிப் போட்டால் கணக்கு 931, 1,397, 1,862 என்று வருகிறது. இப்போது அளந்தது 3, 11, 21 சதவீதம் குறைவு. எந்த எண்ட் கண்டிஷனைப் போட்டாலும் மூன்று தண்டும் ஒன்றாகப் பொருந்த மாட்டேன் என்கின்றன. "உராய்வு, பார்வைப் பிழை என்று எழுதி முடி" என்கிறார்கள் கூட இருப்பவர்கள். உண்மையான காரணம் என்ன, அதை எப்படி நிரூபிப்பது என்று சொல்லுங்கள்.


அதிர்வெண்:

உராய்வு என்று எழுதிவிடாதீர்கள். உராய்வு கூடினால் மோட்டார் இழுக்கும் கரன்ட் கூடும், கிரிட்டிகல் ஸ்பீடு கூடாது. பார்வைப் பிழையாக இருந்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று சிதறியிருக்கும். உங்கள் எண்களில் ஒரு சீரான ஒழுங்கு இருக்கிறது: தண்டு மெலிய மெலிய ஃபிக்ஸட் பக்கம் நெருங்குகிறது, தடிக்கத் தடிக்க சிம்ப்ளி சப்போர்ட்டட் பக்கம் நகர்கிறது. விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் உங்கள் கணக்கைச் சரிபார்த்தேன். 6 மி.மீ. தண்டுக்கு மீட்டருக்கு 0.222 கிலோ, வளைவதை எதிர்க்கும் விறைப்பான ஈஐ மதிப்பு 13.1 நியூட்டன் சதுர மீட்டர். அதிலிருந்து 14.9 ஹெர்ட்ஸ், அதாவது 894 ஆர்.பி.எம். சரிதான். தன் எடையிலேயே நடுவில் தொங்கும் அளவு 1.42 மி.மீ. அதை மீட்டரில் போட்டு, 0.5615 ÷ √தொங்கல் என்றாலும் அதே 14.9 வரும். இந்த இடத்தில் நிறையப் பேர் 0.4985 போட்டுவிடுகிறார்கள். அது நடுவில் ஒற்றைச் சுமை தொங்கும்போது உள்ள மாறிலி. நீளம் முழுக்கப் பரவிய எடைக்குப் போட்டால் 794 என்று 11 சதவீதம் குறைவாக வரும். நீங்கள் அந்தக் குழியில் விழவில்லை.

இனி விஷயத்துக்கு. சக் என்பது சுவர் அல்ல. சக்கைத் தாங்கும் பேரிங், அந்த பேரிங் உட்கார்ந்திருக்கும் ஹவுசிங், அதற்குக் கீழே இருக்கும் பிளேட், எல்லாம் சேர்ந்து ஒரு கோண ஸ்பிரிங் மாதிரி நடந்துகொள்ளும். தண்டு வளையும்போது சக்கும் கொஞ்சம் சாயும். எவ்வளவு சாயும் என்பதைச் சக் மட்டும் தீர்மானிப்பதில்லை. தண்டின் விறைப்போடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஈஐ ÷ நீளம் என்று எடுத்தால் 4 மி.மீ. தண்டுக்கு 2.9, 6 மி.மீ.க்கு 14.6, 8 மி.மீ.க்கு 46 நியூட்டன் மீட்டர் பர் ரேடியன். விட்டம் இரட்டித்தால் 16 மடங்கு. ஒரே சக் 4 மி.மீ. கம்பிக்குச் சுவர் மாதிரி நிற்கும், 8 மி.மீ. தண்டு அதே சக்கைத் தன்னோடு சேர்த்துச் சாய்த்துவிடும்.

இதை எண்ணாக்கலாம். கப்பா = சக்கின் கோண விறைப்பு × நீளம் ÷ ஈஐ என்று வையுங்கள். ஒரு முனை பின் (சிம்ப்ளி சப்போர்ட்டட் என்பதேதான்), மறுமுனை கோண ஸ்பிரிங் என்ற நிலைக்கு யூலர் பீம் சமன்பாட்டைத் தீர்த்தால் கிடைப்பது (காட் என்பது கோடாஞ்சென்ட், லாம்டா நாம் தேடும் எண்):

காட்(லாம்டா) − ஹைபர்பாலிக் காட்(லாம்டா) = 2 × லாம்டா ÷ கப்பா

கிரிட்டிகல் ஸ்பீடு = சிம்ப்ளி சப்போர்ட்டட் வேகம் × (லாம்டா ÷ பை)²

கப்பா பூஜ்யமானால் லாம்டா 3.142, அதாவது சிம்ப்ளி சப்போர்ட்டட். கப்பா முடிவிலி ஆனால் 3.927, அதாவது ஃபிக்ஸட். நடுவில் இருப்பதெல்லாம் நிஜ உலகம். கால்குலேட்டரை ரேடியனில் வைத்துக்கொள்ளுங்கள். டிகிரியில் இருந்தால் அர்த்தமில்லாத விடை வரும்.

உங்கள் 6 மி.மீ. அளவீட்டை மட்டும் எடுக்கிறேன். 1,240 ÷ 894 = 1.387. அதன் வர்க்கமூலத்தைப் பையால் பெருக்கினால் லாம்டா 3.70. சமன்பாட்டில் போட்டால் கப்பா 12.3. அப்படியானால் சக்கின் கோண விறைப்பு சுமார் 180 நியூட்டன் மீட்டர் பர் ரேடியன். இப்போது இதே 180-ஐ வைத்து மற்ற இரண்டு தண்டுகளுக்குப் போடுங்கள். 4 மி.மீ.க்கு 904 வருகிறது, 8 மி.மீ.க்கு 1,468. நீங்கள் அளந்தது 905, 1,470.


கடைசல்_மேசை:

அதிர்வெண் சொன்னது அழகாகப் பொருந்துகிறது. ஆனாலும் தம்பி, பொருந்துகிறது என்பது வேறு, நிரூபணமாகிவிட்டது என்பது வேறு. "தண்டு மெலிய மெலியப் பிழை கூடும்" என்ற இதே ஒழுங்கை இன்னொரு காரணமும் தரும். அதை விலக்கிவிட்டுத்தான் சக்கின் மேல் பழி போட வேண்டும்.

மறுமுனை பேரிங் அச்சு வாக்கில் நகருகிறதா? அந்த முனையில் தண்டை இறுக்கும் கிரப் ஸ்குரூ இருக்கும். ஸ்குரூ இறுகியிருந்து, ஹவுசிங்கும் நகரவில்லை என்றால், தண்டு வில்லாக வளையும்போது நீள இடமில்லாமல் இழுபடும். இழுவிசை கூடினால் வீணைத் தந்தி மாதிரி அதிர்வெண் ஏறும். இதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 6 மி.மீ. தண்டின் யூலர் பக்ளிங் சுமை (அச்சு வாக்கில் அமுக்கினால் தண்டு வளைந்துவிடும் விசை), இரு முனையும் பின் என்று வைத்தால், வெறும் 160 நியூட்டன். அதே 160 நியூட்டனில் இழுத்துப் பிடித்தால் வேகம் √2 மடங்கு, அதாவது 894 இருந்த இடத்தில் 1,264. பதினாறு கிலோ எடை இழுக்கிற இழுப்பு, அவ்வளவுதான்!

அந்த இழுப்பு தானாகவே வரும். இரு முனையும் அச்சு வாக்கில் அசையாமல் இருந்தால், நடுவில் வீச்சு தண்டின் ஆரத்தை எட்டும்போதே இழுவிசை பக்ளிங் சுமைக்குச் சமமாகிவிடும். 6 மி.மீ. தண்டுக்கு 3 மி.மீ. வீச்சு, 4 மி.மீ. தண்டுக்கு 2 மி.மீ. வீச்சு. எல்லை மீறாமல் தடுக்கும் கார்டு வளையத்துக்குள் தண்டு எவ்வளவு தாராளமாகச் சுற்றுகிறது என்று பார்த்திருப்பீர்கள். ஒரே இடைவெளியில் மெலிந்த தண்டு அதிகம் பாதிக்கப்படும். அதனால்தான் இதுவும் உங்கள் எண்களைப் போலவே தோற்றம் காட்டும்.

வெப்பத்தையும் மறக்காதீர்கள். இரு முனையும் இறுகியிருந்து, ஃபிரேமைவிடத் தண்டு 10 டிகிரி கூடச் சூடானால், அச்சு வாக்கில் 700 நியூட்டன் அமுக்கம் வரும். 6 மி.மீ. தண்டு அதைத் தாங்காது, சுற்றுவதற்கு முன்பே வளைந்து நிற்கும். ஒரு முனையை நகரும்படி விடுவது இதற்காகத்தான்.

இரண்டு காரணத்தையும் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு சோதனை போதும்: தண்டைச் சுழற்றாமல் தட்டிப் பாருங்கள். இழுவிசை வீச்சின் வர்க்கத்தோடு ஏறுவது. அரை மி.மீ. வீச்சில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் சக்கின் பிடிமானம் சின்ன வீச்சிலும் அப்படியே இருக்கும். ஆகவே 6 மி.மீ. தண்டை நிறுத்தி வைத்து நடுவில் விரலால் லேசாகத் தட்டினால்:

அதிர்வு 15 ஹெர்ட்ஸுக்குப் பக்கம் வந்தால் குற்றவாளி இழுவிசை.
20, 21 ஹெர்ட்ஸ் வந்தால் குற்றவாளி சக்.

அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. செல்போனில் வினாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் போதும். தண்டுக்குப் பின்னால் கறுப்புத் தாள், போனை ஸ்டாண்டில் வைத்து ஒரு சாண் தூரத்தில் ஃபோகஸ். தண்டு விளிம்பின் மேல் விழும் ஒளிக்கோடு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 50 சுற்று எண்ணி, எத்தனை ஃபிரேம் என்று பாருங்கள். ஐந்து பத்து சுற்று எண்ணினால் பிழை பெரிதாகிவிடும். ஆக்சிலரோமீட்டரைத் தண்டில் ஒட்டாதீர்கள். 4 மி.மீ. தண்டு முழுவதும் சேர்த்தே 90 கிராம்கூட இல்லை. நடுவில் 10 கிராம் ஒட்டினாலே அதிர்வெண் பத்து சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும்.

இன்னொன்று: டிம்மரை ஏற்றும்போதும் இறக்கும்போதும் வேகத்தைக் குறியுங்கள். இழுவிசை இருந்தால் ஏற்றத்தில் வீச்சு வேகத்தோடு சேர்ந்து வளர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் சட்டென்று விழும். இறக்கத்தில் அது வேறு, குறைந்த வேகத்தில் தாவும். இரண்டு வேகமும் ஒன்றாக இருந்தால் அச்சு வாக்கில் தடை இல்லை என்று நம்பலாம்.


ஒளித்துடிப்பு:

காரணம் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். அளவீடு பற்றி மட்டும் சில வரிகள்.

வேகம் அளக்கும் டேக்கோமீட்டரின் மினுக்குப் பட்டையைத் தண்டின் நடுவில் ஒட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். கிரிட்டிகல் ஸ்பீடில் நடுப்பகுதி ஒளிக்கற்றையை விட்டு விலகிப் போகும், எண்ணிக்கை விட்டுப்போகும். சக்கின் உடம்பில் ஒட்டுங்கள், அது எங்கும் போகாது.

ஸ்ட்ரோபோஸ்கோப் (சீராக மின்னி, சுற்றுவதை உறைந்தது போல் காட்டும் விளக்கு) என்றால் ஏமாற்றும் வேகங்கள் உண்டு. 1,240-இல் சுற்றும் தண்டு 620-இலும் ஒரே கோடாக உறைந்து நிற்கும். 2,480-இல் எதிரெதிராக இரண்டு கோடு தெரியும். சக்கில் ஒரே ஒரு கோடு போட்டு, ஃபிளாஷ் வேகத்தை மேலிருந்து கீழே இறக்குங்கள். ஒற்றைக் கோடு முதன்முதலில் எங்கே உறைகிறதோ அதுதான் உண்மை வேகம். உறைந்து தெரியும் தண்டின் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். சுற்றாதது மாதிரியே இருக்கும்.

நீளத்தில் 10 மி.மீ. தவறினால் வேகத்தில் 2 சதவீதம், இங்கே 20 ஆர்.பி.எம். போகும், ஏனென்றால் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். விட்டத்துக்கு நேர்விகிதம்தான். பிரைட் பார் (மெருகிட்ட எஃகுக் கம்பி) பெரும்பாலும் 6 என்றால் 5.97-க்கும் 6.00-க்கும் இடையில் இருக்கும், அரை சதவீதம். மாடுலஸை 206-க்குப் பதில் 200 என்று போட்டால் ஒன்றரை சதவீதம் குறையும். இவை எல்லாவற்றையும் ஒரே திசையில் கூட்டினாலும் 5 சதவீதத்தைத் தாண்டாது. உங்கள் 52-ஐ இவை விளக்கவே முடியாது. ரெக்கார்டில் இந்தக் கூட்டலைக் காட்டினாலே பார்வைப் பிழை வாதம் விழுந்துவிடும்.

மோட்டார் 4,000-ஐத் தாண்டுமானால் 6 மி.மீ. தண்டின் இரண்டாவது மோடையும் (தண்டு இரண்டு வில்லாக, எஸ் வடிவில் வளைவதை) பாருங்கள். சிம்ப்ளி சப்போர்ட்டட் என்றால் இரண்டாவது வேகம் முதலாவதைப் போல் சரியாக 4 மடங்கு. ஒரு முனை ஃபிக்ஸட் என்றால் 3.24 மடங்கு. இந்த விகிதத்தில் மாடுலஸ், விட்டம், நீளம் மூன்றும் அடிபட்டுப் போகின்றன, அதனால் அவற்றின் பிழையும் உள்ளே வராது. அதிர்வெண் சொன்ன கப்பாவுக்கு 3.31 வர வேண்டும், அதாவது 4,100 ஆர்.பி.எம். பக்கம். அசையாமல் நிற்கும் கணுப்புள்ளியும் நடுவில் இருக்காது. சக்கிலிருந்து 450 மி.மீ.க்குப் பதில் 480 மி.மீ. தள்ளி இருக்கும். மூன்று செ.மீ. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கார்டு மூடாமல் இதைச் செய்ய வேண்டாம். முதல் கிரிட்டிகலைத் தாண்டும்போது டிம்மரைத் தயங்காமல் திருப்புங்கள்.


அதிர்வெண்:

கடைசல்_மேசை சொன்ன இழுவிசை வாதம் மிகச் சரி, அதை நான் விட்டிருக்கக் கூடாது. தட்டிப் பார்க்கும் சோதனையோடு இன்னொன்றும் செய்யலாம். தட்டுவது சக்கின் பக்கம் சாய்ந்தால், கோண விறைப்பை வேர்லிங் எண்ணிலிருந்து எடுக்காமல் தனியாக அளந்துவிடுங்கள். இல்லாவிட்டால் "உனக்கு வேண்டிய எண்ணை நீயே பொருத்திக்கொண்டாய்" என்று வைவாவில் கேட்பார்கள், கேட்பதும் நியாயம்.

6 மி.மீ. தண்டின் நடுவில் 100 கிராம் படிப்படியாகத் தொங்கவிட்டு இறக்கத்தை அளங்கள். இரு முனையும் பின் என்றால் 100 கிராமுக்கு 1.14 மி.மீ. இறங்கும். சக் முழுச் சுவர் என்றால் 0.50 மி.மீ. கப்பா 12.3 என்றால் 0.62 மி.மீ. மூன்றுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருப்பதால் 0.01 மி.மீ. அளக்கும் கருவி தாராளம்.

டயல் கேஜ் வைத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் பிளஞ்சர் தண்டை ஏறத்தாழ 1 நியூட்டன் விசையில் தள்ளும். நீங்கள் தொங்கவிடும் 100 கிராமும் 1 நியூட்டன்தான்! கேஜைத் தொடவைத்து எடுத்து, தொடவைத்து எடுத்து அளந்தால் எண்கள் குப்பை. முதலிலிருந்து கடைசி வரை தொட்டபடியே விட்டு, வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். பிசிக்ஸ் லேபில் டிராவலிங் மைக்ராஸ்கோப் கிடைத்தால் அதுதான் மேல், தண்டைத் தொடவே தொடாது. எடையை 500 கிராம் வரை ஏற்றி, அப்படியே இறக்கியும் குறியுங்கள். ஏற்றமும் இறக்கமும் ஒரே கோட்டில் வராவிட்டால் சக்கின் தாடையில் தண்டு வழுக்குகிறது, அல்லது பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது.

சக்கைக் கையால் 90 டிகிரி திருப்பி இன்னொரு முறை எடுங்கள். தண்டு வட்டம்தான், ஆனால் மூன்று தாடையும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. ஹவுசிங் பக்கவாட்டில் எப்படி நிற்கிறது என்று அறிய, நூலைக் கப்பி வழியாக விட்டுக் கிடைமட்டத்திலும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். செங்குத்திலும் கிடைமட்டத்திலும் விறைப்பு வேறாக இருந்தால் கிரிட்டிகல் ஸ்பீடு ஒன்றாக இராது, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரும்.


மெக்_ஐந்தாம்செம்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. சொன்னதையெல்லாம் செய்தாயிற்று, முடிவு இதோ.

மறுமுனையில் கிரப் ஸ்குரூ இறுகவில்லை. தண்டை அச்சு வாக்கில் தள்ளினால் பேரிங்கின் உள்வளையத்துக்குள் ஒரு மி.மீ. தாராளமாக நகர்கிறது. டிம்மரை ஏற்றும்போதும் இறக்கும்போதும் வேகங்கள் 10 ஆர்.பி.எம்.க்குள் ஒன்றுபோலவே வந்தன.

தட்டிப் பார்த்ததில், 240 ஃபிரேம் வீடியோவில் 50 சுற்றுக்கு 4 மி.மீ. தண்டு 800 ஃபிரேம், 6 மி.மீ. 585 ஃபிரேம், 8 மி.மீ. 494 ஃபிரேம். அதாவது 15.0, 20.5, 24.3 ஹெர்ட்ஸ். ஆர்.பி.எம்.மில் 900, 1,231, 1,458. தட்டியதில் 15 ஹெர்ட்ஸ் வந்தது 4 மி.மீ. தண்டுக்கு மட்டும்தான், அதற்குக் கணக்குப்படி 9.9 வந்திருக்க வேண்டும், சரிதானே?

டிராவலிங் மைக்ராஸ்கோப்பில் 6 மி.மீ. தண்டு 100 கிராமுக்கு 0.63 மி.மீ. இறங்கியது. ஐந்து படியும் நேர்கோடு. சக்கைத் திருப்பினாலும் 0.62, 0.63 என்றே வருகிறது. கிடைமட்டத்தில் இன்னும் இழுத்துப் பார்க்கவில்லை.

0.63-இலிருந்து கப்பாவை எப்படி எடுப்பது? ரெக்கார்டில் எந்த வரிசையில் எழுதுவது?


அதிர்வெண்:

சரிதான், 596-ஐ 60-ஆல் வகுத்தால் 9.9. சுழலாத தண்டே 15-இல் அதிர்கிறது என்றால் சுழற்சிக்கும் இழுவிசைக்கும் இதில் பங்கில்லை. வழக்கு முடிந்தது.

0.63-இலிருந்து கப்பாவுக்குப் போவது எளிது. நடுச்சுமையால் வரும் இறக்கம் = (சுமை × நீளம்³ ÷ ஈஐ) × ஒரு எண். இரு முனையும் பின் என்றால் அந்த எண் 1/48. சக் அதிலிருந்து (3/256) × கப்பா ÷ (கப்பா + 3) என்ற அளவைக் குறைக்கும். கப்பா முடிவிலி ஆனால் மிஞ்சுவது 7/768. நீங்கள் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்த அதே எண். உங்கள் தண்டுக்கு 100 கிராம் சுமைக்கு அடைப்புக்குள் உள்ள பெருக்கம் 54.6 மி.மீ. ஆகவே 0.63 ÷ 54.6 = 0.01154. அதை 0.02083-இலிருந்து கழித்து 0.01172-ஆல் வகுத்தால் 0.793. அதுதான் கப்பா ÷ (கப்பா + 3). கப்பா 11.5, கோண விறைப்பு 167 நியூட்டன் மீட்டர் பர் ரேடியன்.

வேர்லிங்கிலிருந்து எடுத்தது 180, எடை தொங்கவிட்டு எடுத்தது 167. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வழிகள், 7 சதவீதத்துக்குள். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 167-ஐப் போட்டு மூன்று தண்டுக்கும் லாம்டா தீர்த்தால் 902, 1,232, 1,456. நீங்கள் அளந்தது 905, 1,240, 1,470. எல்லாம் 1 சதவீதத்துக்குள். கோண விறைப்பில் 7 சதவீதம் மாறியும் வேகத்தில் 1 சதவீதம்கூட மாறவில்லை என்பதையும் எழுதுங்கள். அந்த எண்ணை உயிரைக் கொடுத்து அளக்கத் தேவையில்லை என்று அதற்குப் பொருள்.

வரிசை: மேனுவல் கணக்கை முதலில் போடுங்கள், மறைக்க வேண்டாம். அடுத்து ஒளித்துடிப்பு சொன்ன பிழைக் கூட்டல், 5 சதவீதத்தைத் தாண்டாது என்று. பிறகு தட்டிய சோதனை, எடை தொங்கவிட்ட சோதனை, கடைசியில் ஒப்பீடு. ஒரு வரைபடம் மட்டும் போதும்: கிடையச்சில் கப்பாவை மடக்கை அளவில் வையுங்கள், செங்குத்தச்சில் வேக விகிதம். 1-இல் தொடங்கி 1.56-இல் படுத்துவிடும் வளைவு ஒன்று வரும். அதன்மேல் உங்கள் மூன்று புள்ளிகளையும் வையுங்கள். கப்பா 58-இல் 4 மி.மீ., 11.5-இல் 6 மி.மீ., 3.6-இல் 8 மி.மீ. மூன்றும் ஒரே கோட்டில் உட்காரும்.


கடைசல்_மேசை:

அந்த வரைபடத்தை நன்றாகப் போடுங்கள் தம்பி. டர்பைன், கம்ப்ரஸர் ரோட்டர் வடிவமைப்பவர்கள் முதலில் வரைவதும் இதன் பெரிய அண்ணனைத்தான்: கிடையச்சில் பேரிங்கின் விறைப்பு, செங்குத்தச்சில் கிரிட்டிகல் வேகங்கள். கிரிட்டிகல் ஸ்பீடு தண்டுக்கு மட்டும் சொந்தமானது அல்ல, தாங்கிக்கும் சேர்த்துச் சொந்தம்.

வைவாவுக்கு ஒன்று. "கிரிட்டிகல் ஸ்பீடைத் தாண்டி ஓடலாமா?" என்று கேட்பார்கள். 1869-இல் பொறியாளர் ராங்கின் முடியாது என்ற முடிவுக்கு வந்தார். இன்னொரு பொறியாளர் டி லாவல் தன் நீராவி டர்பைனில் மெலிந்த தண்டைப் போட்டு 1889-இல் தாண்டி ஓட்டிக் காட்டினார். ஏன் முடிகிறது என்பதை 1919-இல் ஜெஃப்காட் தெளிவாக்கினார். அதை உங்கள் லேபிலேயே கண்ணால் பார்க்கலாம். தண்டின் நடுவில் நீளவாக்கில் வெள்ளைக் கோடு ஒன்று போட்டு, ஸ்ட்ரோபோவை அதன்மேல் உறைய வையுங்கள். 1,240-க்குக் கீழே கோடு வில்லின் வெளிப்பக்கம் இருந்தால், தாண்டியபின் அதே கோடு உள்பக்கம் போயிருக்கும். கனமான பக்கம் உள்ளே திரும்பி, தண்டு தன் நிறை மையத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடும்; வீச்சும் சுருங்கும்.

இதையே கேட்டுக் குழப்பும் இன்னொரு கேள்வி: "வேர்லிங்கில் தண்டு சோர்வு முறிவு (தகைவு திரும்பத் திரும்ப மாறி உடைவது) அடையுமா?" வில் தண்டோடு சேர்ந்தே சுற்றுகிறது, அதனால் வெளிப்பக்கத்து இழை எப்போதும் வெளிப்பக்கத்திலேயே இழுபட்டு நிற்கும். வேர்லிங்கால் வரும் தகைவு திரும்பித் திரும்பி மாறுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் மாறுவது எடையால் வரும் 1.42 மி.மீ. போன்ற தொங்கலின் தகைவு மட்டும்தான், அது சின்னது. கிரிட்டிகலில் நின்றால் தண்டு முறியாது, நிரந்தரமாக வளைந்துவிடும். மெலிந்த தண்டு முதலில் வளைவது சக்கின் வாயில். அடுத்த குழு வருவதற்கு முன் மூன்று தண்டையும் சர்ஃபேஸ் பிளேட்டில் உருட்டிப் பார்த்து வையுங்கள். தண்டுக்கும் பிளேட்டுக்கும் இடையில் ஒளி தெரியும் இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு, 0.2 மி.மீ.க்கு மேல் நுழைந்தால் அந்தத் தண்டை மாற்றச் சொல்லுங்கள்.


மெக்_ஐந்தாம்செம்:

உருட்டிப் பார்த்தேன் அண்ணா. 6, 8 மி.மீ. தண்டுகள் நேராக இருக்கின்றன. 4 மி.மீ. தண்டு சக் பக்கத்து முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி 0.35 மி.மீ. தூக்கி நிற்கிறது. மாற்றச் சொல்லியிருக்கிறேன். புதுத் தண்டு வந்ததும் 4 மி.மீ. அளவீட்டை மறுபடி எடுத்து, கிடைமட்டத்தில் இழுத்த எண்ணையும் சேர்த்து இங்கே போடுகிறேன்.